ஞானபாக்கியம் டீச்சர் தாளித்த நாள்

ஞானபாக்கியம் டீச்சருக்குத் தெரியாத வேலை ஒன்றே ஒன்றுதான். சமையல். மற்றபடி கணக்குப் போடுவார், சர்ச்சில் ஆர்மோனியம் வாசிப்பார், காலொடிந்த பெஞ்சுக்கு ஆணி அடிப்பார், மீசை வைத்த ஆம்பளைகளைப் பள்ளிக்கூட வாசலில் நிற்கவைத்து, "பிள்ளைய ஏன் நேத்து அனுப்பல?" என்று கேட்டு வேர்க்க வைப்பார். அடுப்படிப் பக்கம் மட்டும் தலைவைத்துப் படுக்கமாட்டார். கல்யாணமே வேண்டாமென்று இருந்துவிட்டவர். தேனிப் பஜாரில் மளிகைக் கடை வைத்திருந்த தம்பி பலவேசத்தோடு குடியிருந்தார். பலவேசத்துக்கோ சமையல் என்றால் உயிர். கடையை அடைத்துவிட்டு வந்து அவர் மீன்குழம்பு வைத்தால் தெருவில் போகிறவர்கள் நின்று மூச்சை இழுப்பார்கள். அது டீச்சரம்மாவின் கைமணம் என்றே எல்லாரும் நினைத்திருந்தார்கள். டீச்சரும் மறுக்கவில்லை. பொய் சொல்வதுதான் பாவம். சும்மா இருப்பது பாவம் என்று வேதத்தில் எங்கேயும் போட்டிருக்கவில்லை.

வீரபாண்டிக்குப் பக்கத்தில், முல்லையாற்றங்கரையில் இருந்த ஒரு கிராமத்துப் பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு அவர் தலைமை டீச்சர். தேனியிலிருந்து தினமும் மாட்டுவண்டியில் போய்வருவார். சின்ன வகுப்புகளுக்கு ஒரு வாத்தியார் உண்டு. அவருக்குப் பாதி நாள் குளிர்காய்ச்சல். ஆக, பள்ளிக்கூடம் என்றால் ஞானபாக்கியம் டீச்சர்தான். பத்து வயதானதும் பெண்பிள்ளைகளை வயலுக்கும் மாட்டுக்கும் கூட்டிக்கொண்டு போய்விடும் ஊரில், வீடு வீடாகப் போய் மல்லுக்கட்டி, எட்டாம் வகுப்பு வரைக்கும் கொண்டுவந்திருந்தார். எட்டாம் வகுப்பில் இரண்டே பேர். ஒருத்தி முருகம்மாள், மற்றவள் பவுனு.

பெண்களைப் பள்ளிக்கூடம் அனுப்பினால் வாய் நீளும் என்று அந்த ஊரில் ஒரு பயம் இருந்தது. அந்தப் பயத்தைப் போக்குவதற்காக டீச்சர் ஒரு சட்டம் வைத்திருந்தார். டீச்சர் முன்னால் எவளும் வாயைத் திறக்கக்கூடாது. கேட்டால் மட்டும் பதில் சொல்லலாம். முருகம்மாள் அந்தச் சட்டத்துக்கென்றே பிறந்தவள். அவள் குரல் எப்படி இருக்கும் என்று அவளைப் பெற்றவர்களுக்கே நிச்சயமாகத் தெரியாது. பவுனுவின் கதை வேறு. டீச்சர் கணக்கில் தப்புப் போட்டால் பவுனு சொல்லிவிடுவாள். டீச்சர் சேலையில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தால் சொல்லிவிடுவாள். வண்டிமாடு நொண்டுவதைச் சன்னல் வழியாகப் பார்த்தால் பாடத்துக்கு நடுவே அதையும் சொல்லிவிடுவாள். அதனால் எட்டு வருஷப் படிப்பில் பாதியைப் பெஞ்சுமேல் ஏறி நின்றே படித்தாள். அங்கே நின்றுகொண்டும் பேசினாள்.

முப்பத்தெட்டாம் வருஷம் சர்க்காரிலிருந்து ஒரு உத்தரவு வந்தது. பிள்ளைகள் வெறும் ஏட்டுப்படிப்புப் படித்தால் போதாது, கைத்தொழில் ஒன்று கற்றே ஆகவேண்டும், அதில் பாஸானால்தான் எட்டாவது பாஸ். முதலில் நூல் நூற்கச் சொன்னார்கள். தக்கிளி ஒரு பெட்டி நிறைய வந்தது. பஞ்சு பிறகு வரும் என்றார்கள். சுற்றிலும் பருத்திக் காடு வெடித்துக் கிடக்க, மதுரையிலிருந்து பஞ்சு வரும் என்று பள்ளிக்கூடம் காத்திருந்தது. ஊரில் பஞ்சு வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டு எழுதியதற்கு, சர்க்கார் பஞ்சில்தான் நூற்கவேண்டும் என்று பதில் வந்தது. அப்புறம் தோட்டம் போடச் சொன்னார்கள். கத்தரி நன்றாகத்தான் வந்தது. ஊர் நாட்டாமை சுருளியாண்டியின் ஆடுகள் அதை ஒரே மத்தியானத்தில் பரீட்சை பண்ணி முடித்துவிட்டன. கடைசியாக, பெண்கள் பள்ளிக்கூடம்தானே, சமையல் சொல்லிக்கொடுங்கள் என்று வந்துவிட்டது.

இதைக் கேட்டதும் பவுனுவின் தாயார் ராக்கம்மாள் களையெடுத்த கையோடு பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டாள்.

"ஏன் டீச்சரம்மா, நான் தெரியாமத்தான் கேக்குறேன். அடுப்பூதக் கத்துக்கிறதுக்கா எட்டு வருசம் எம்புள்ளைய இங்கன அனுப்புனேன்? அத நான் வீட்டுல எட்டு நாளுல சொல்லிக் குடுத்திருப்பேனே!"

டீச்சருக்கும் அதேதான் மனசில். ஆனால் சர்க்கார் சம்பளம் வாங்குகிறவர் அதைச் சொல்லமுடியுமா?

"ராக்கம்மா, இது சாதாரணச் சமையல் இல்ல. முறைப்படி சமைக்கிறது."

"முறைப்படின்னா? நாங்க என்ன முறைகெட்டா திங்கிறோம்?"

ராக்கம்மாள் போகும்போது இன்னொன்றையும் சொல்லிவிட்டுப் போனாள். கடமலைக்குண்டில் அவள் தம்பி சின்னக்கருப்பு பவுனுவைக் கட்டிக்கொள்ளக் காத்திருக்கிறான். எட்டாவது பாஸானால் மதுரையில் டீச்சர் டிரெயினிங் படிக்க அனுப்புவதாகப் பவுனுவின் அய்யா வாக்குக் கொடுத்திருக்கிறார், ராக்கம்மாளும் சரியென்றிருக்கிறாள். ஆனால் சோறு பொங்கும் பரீட்சையிலேயே பெயிலானால் அப்புறம் ஒரு நாள் தாமதிக்கமாட்டாள், வைகாசியில் கல்யாணம்.

டீச்சர் அன்றைக்கு வீடு வந்து சரியாகச் சாப்பிடவில்லை. பவுனு மதுரைக்குப் போய்ப் படித்து இன்னொரு டீச்சராகத் திரும்பி வரவேண்டும் என்று அவர் எத்தனையோ நாளாக ஆசை வைத்திருந்தார். யாரிடமும் சொன்னதில்லை. பவுனுவிடம் சொன்னால் அவள் இன்னும் கொஞ்சம் பேசுவாள் என்ற பயம்.

சமையல் பாடம் தொடங்கியது. சர்க்காரிலிருந்து ஒரு தராசும் அளவுக் குவளைகளும் வந்தன. அடுப்பு வரவில்லை, அரிசி பருப்பும் வரவில்லை. டீச்சருக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. கரும்பலகையில் சாக்பீஸால் ஓர் அடுப்பு வரைந்தார். அடியில் தீ வரைந்தார். மேலே சட்டி வரைந்தார். பிறகு புத்தகத்தைப் பார்த்து, "எண்ணெய் காய்ந்தபின் கடுகு இடுக. கடுகு வெடித்தபின் பருப்பு இடுக. பருப்பு சிவந்தபின் வற்றலும் கறிவேப்பிலையும் இடுக" என்று சொல்லச் சொல்ல, இரண்டு பெண்களும் வாய்ப்பாடு மாதிரி ராகம் போட்டு ஒப்பித்தார்கள்.

"டீச்சர், எண்ணெய் காஞ்சிருச்சின்னு எப்பிடித் தெரியும்?" என்றாள் பவுனு. அவளுக்குத் தெரியும். டீச்சர் என்ன சொல்கிறார் பார்க்கலாம் என்றுதான் கேட்டாள்.

"ஏறு பெஞ்சுமேல" என்றார் டீச்சர்.

இப்படியே ஒரு வருஷம் அந்தப் பள்ளிக்கூடத்தில் புகையில்லாமல் சமையல் நடந்தது.

பங்குனி மாதம் இன்ஸ்பெக்டரம்மாவிடமிருந்து காகிதம் வந்தது. சமையல் பரீட்சைக்கு நேரில் வருவதாகவும், பிள்ளைகள் தவறாமல் இருக்கும்படியான ஒரு நாளைக் குறித்து அனுப்பும்படியும் கேட்டிருந்தார். டீச்சர் இந்த இடத்தில் தன் சாமர்த்தியத்தைக் காட்டினார். சித்திரை பிறந்தால் கல்யாணம், காதுகுத்து என்று வண்டி கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்விடுவார்கள். பள்ளிக்கூடத்தில் ஈ ஆடாது. ஆனால் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால் அந்த ஊர்க்காரர்கள் யாரும் வெளியூரில் போய் ராத்தங்கக்கூடாது. திருவிழா முடிகிறவரைக்கும் எல்லாரும் ஊரோடுதான் கிடப்பார்கள். அந்த நாட்களில் பிள்ளைகள் தப்பாமல் வருவதை ஆஜர் எடுத்து எடுத்து டீச்சர் கண்டு வைத்திருந்தார். அதனால் காப்புக் கட்டினதற்கு அடுத்த வாரத்தில் ஒரு நாளைக் குறித்து அனுப்பினார். தன் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து இரண்டு நாள் அவருக்கே சிரிப்பாக இருந்தது.

பரீட்சையன்று காலையில் பலவேசம் கடையிலிருந்து சாமான்களைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். துவரம்பருப்பு, புளி, வற்றல், உளுந்து, நல்லெண்ணெய். கடுகு டப்பாவைக் கையில் எடுத்தவர் கொஞ்சம் தயங்கினார்.

"அக்கா, கடுகும் அங்கன கொண்டுபோகவா? அந்த ஊருக்காரக இப்ப யாரும் கடுகு வாங்குறதில்லையே. சித்திரையில அந்தப் பக்கம் எனக்கு எண்ணெயும் ஓடாது, கடுகும் ஓடாது."

"ஒனக்கு எப்பப் பாத்தாலும் யாவாரந்தான். ஒரு கை கடுகுக்கு இம்புட்டு யோசனையா? கட்டுலே" என்றார் டீச்சர்.

பலவேசம் கட்டினார். அக்காவிடம் இரண்டாவது தடவை ஒன்றைச் சொல்லும் வழக்கம் அவருக்கு இல்லை.

இன்ஸ்பெக்டரம்மா மூக்குக்கண்ணாடியும் குடையுமாக வந்து இறங்கினார். நல்ல மனுஷிதான், ஆனால் அச்சடித்த விதிகளைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் அவருக்குக் கண் தெரியும். பள்ளிக்கூட முற்றத்தில் கல் கூட்டி இரண்டு அடுப்பு. ஊரிலுள்ள பெண்களெல்லாம் சுவர் ஓரத்தில் கூடி நின்றார்கள். சோறு பொங்குவதற்கு மார்க் போடுகிற அதிசயத்தை அவர்கள் கண்டதில்லை.

முதலில் எல்லாம் தடபுடலாக நடந்தது. பவுனு அரிசி களைந்தாள், மார்க். முருகம்மாள் சத்தமில்லாமல் அடுப்புப் பற்றவைத்தாள், மார்க். பருப்பு வெந்தது, புளி கரைந்தது, குழம்பு கொதித்தது. டீச்சர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, இதெல்லாம் தான் கற்றுக்கொடுத்தது என்கிற பாவனையில் நின்றார்.

"நல்லது. இனித் தாளிக்கலாம்" என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

இரண்டு பெண்களும் அசையவில்லை. சுவர் ஓரத்தில் பேச்சு நின்றுவிட்டது. முருகம்மாள் தரையைப் பார்த்தாள். பவுனு முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு நின்றாள். டீச்சர் அவள் பக்கத்தில் வந்தார்.

"என்ன புள்ள? எண்ணெய ஊத்து."

"மாட்டேன் டீச்சர்."

"ஏன்?"

"காப்புக் கட்டியிருக்குல்ல. மாரியாத்தா எறங்கியிருக்கிற நேரத்துல யாரும் தாளிக்கமாட்டாக. அந்த வாடை அவளுக்கு ஆகாது." பவுனு டீச்சரை நிமிர்ந்து பார்த்தாள். "போன வருசம் எந் தம்பிக்கு அம்மை போட்டப்ப எங்காத்தா நேந்துக்கிட்டா டீச்சர். இந்தத் தடவ நான் தீச்சட்டி எடுக்கணும். நான் எப்பிடித் தாளிப்பேன்?"

டீச்சருக்கு அப்போதுதான் விளங்கியது. பத்து வருஷமாக அந்த ஊருக்கு வந்து போகிறார். காப்புக் கட்டினால் யாரும் ஊரைவிட்டுப் போகமாட்டார்கள் என்பது தெரியும். அது பள்ளிக்கூடத்துச் சங்கதி. காப்புக் கட்டினால் யாரும் தாளிக்கமாட்டார்கள் என்பது தெரியாது. அது அடுப்படிச் சங்கதி. அந்தப் பக்கம் தலை காட்டாதவருக்கு யார் சொல்லுவார்கள்? சொல்ல வந்த தம்பியின் வாயையும் காலையில்தான் அடைத்திருந்தார்.

இன்ஸ்பெக்டரம்மா விதியைப் புரட்டினார். தாளிப்புக்குத் தனி மார்க். அதில் சைபர் வாங்கினால் மற்றதில் எவ்வளவு வாங்கியும் பாஸ் இல்லை.

"இன்னொரு நாள்..." என்றார் டீச்சர்.

"நீங்கள் குறித்துக்கொடுத்த நாள்தானே அம்மா? நாளைக்கு நான் பெரியகுளம், மறுநாள் மதுரை. இந்த வாரமே மார்க் போய்ச் சேரவேண்டும்."

அதற்குள் ஊர் திரண்டுவிட்டது. ஊருக்கு நடுவில் கடுகு வெடித்தால் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தைவிட்டு நிறுத்திவிடுவோம் என்று ஒரு பக்கம் குரல் எழுந்தது. ராக்கம்மாள் முன்னால் வந்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் டீச்சரை என்னவோ செய்தது.

"விடுங்க டீச்சரம்மா. சாமி குத்தம் பண்ணி எம்புள்ள பாஸாக வேணாம். அவளுக்குக் கடமலக்குண்டுன்னு எழுதியிருக்கு."

பவுனு அழவில்லை. அடுப்பு விறகை வெளியே இழுத்து அணைக்கப் போனாள். எட்டு வருஷம் மழையிலும் வெயிலிலும் கட்டிக் காப்பாற்றியதைத் தன் அரைகுறைச் சாமர்த்தியம் ஒரே நாளில் கெடுத்துவிட்டதே என்று தன்மேலேயே டீச்சருக்கு ஆத்திரம் வந்தது.

அந்த நேரத்தில் நாட்டாமை சுருளியாண்டி துண்டை உதறித் தோளில் போட்டார். கத்தரிச் செடி விஷயத்தில் அவருக்குக் கொஞ்சம் மனசு உறுத்திக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

"ஏம்ப்பா, நம்ம எல்லை எம்புட்டுத் தூரம்? ஆத்தோட சரி. ஆத்துக்கு அங்கிட்டு என்ன தாளிச்சா நமக்கென்ன? ஆனா ஒண்ணு. நம்ம பொம்பளப்புள்ளைக கை கரண்டியில படப்படாது."

"அப்படியானால் யார் கை?" என்றார் இன்ஸ்பெக்டரம்மா. பசியும் வெயிலும் சேர்ந்து அவரை இளக்கியிருந்தன. "எப்போது எதைப் போடவேண்டும் என்று அந்தப் பெண் சரியாகச் சொன்னால் அவளுக்குத் தெரியும் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். போடுவதற்கு ஒரு கை வேண்டும். காப்பு இல்லாதவர் யார்?"

வண்டிக்காரரும் காப்புக்காரர். குளிர்காய்ச்சல் வாத்தியாரும் காப்புக்காரர். ஊரே யோசித்து யோசித்துக் கடைசியில் ஒரே பக்கம் திரும்பியது.

"நம்ம டீச்சரம்மா இருக்காகளே! வேதக்காரக, தோசமில்ல. அவுக கைமணந்தான் பஜாருக்கே தெரியுமே!" என்றார் சுருளியாண்டி சந்தோஷமாக.

இத்தனை வருஷம் சும்மா இருந்ததற்கு வட்டியும் முதலுமாகக் கிடைத்துவிட்டது. டீச்சர் தனக்குச் சமைக்கத் தெரியாது என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் பார்த்தார். அணைந்துகொண்டிருந்த அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்த பவுனுவைப் பார்த்தார். "நடங்க" என்றார்.

குழம்புச் சட்டிகள் முன்னால் போக, அடுப்புக் கல்லும் விறகும் நடுவில் போக, குடையோடு இன்ஸ்பெக்டரம்மாவும் ஊராரும் பின்னால் போனார்கள். சித்திரை வெயிலில் ஆறு ஓர் ஓரமாக ஒடுங்கி ஓடியது. கணுக்கால் தண்ணீரில் இறங்கி அக்கரை ஏறினார்கள். ஊர் இக்கரையிலேயே நின்றது. சுருளியாண்டி துண்டை உயர்த்திப் பிடித்துக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்தார். வாடை ஊர்ப்பக்கம் வராது என்று தெரிந்ததும் தலையை ஆட்டினார். பவுனுவும் முருகம்மாளும் அடுப்புக்குச் சற்றுத் தள்ளிக் காற்றுக்கு மேல்பக்கம் நின்றுகொண்டார்கள்.

முருகம்மாள் முறை முதலில். டீச்சர் தாளிப்புக் கரண்டியில் எண்ணெயை ஊற்றித் தீயில் காட்டினார். "எண்ணெய் காய்ந்தபின்" என்று மனசுக்குள் ராகம் ஓடியது. காய்ந்துவிட்டதா, இல்லையா? முருகம்மாளைப் பார்த்தார். அவள் கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தாள். எண்ணெயிலிருந்து புகை கிளம்பியது. இதுதான் காய்வது போலிருக்கிறது என்று டீச்சர் கடுகை அள்ளிப் போட்டார். கடுகு நாலா பக்கமும் தெறித்தது. பதறிப்போய் உளுந்தையும் வற்றலையும் மொத்தமாகக் கொட்டினார். எல்லாம் ஒரே கறுப்பாகப் போனது. அப்போது கிளம்பிய நெடியில் இன்ஸ்பெக்டரம்மா தும்ம ஆரம்பித்து, மூக்குக்கண்ணாடி மணலில் விழுந்தது.

"நீ ஏன் அம்மா சொல்லவில்லை?" என்றார் இன்ஸ்பெக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே.

முருகம்மாள் தரையைப் பார்த்தபடியே சொன்னாள். "டீச்சர் செய்யுறப்ப நான் எப்பிடிச் சொல்றது? பேசப்படாதுன்னு சொல்லியிருக்காக."

டீச்சர் கரிந்துபோன கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இந்தப் பிள்ளைக்குத் தாளிக்கத் தெரியும். எட்டு வருஷமாகத் தான் ஊட்டிய பயம்தான் அவளை ஊமையாக நிற்கவைத்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட அதிகமாக வருத்தமாக இருந்தது. கரண்டியை மணல்போட்டுத் தேய்த்துக் கழுவினார். பவுனு பக்கம் திரும்பினார்.

"ஏ பவுனு, இங்க பாரு. இன்னைக்கு நீ வாய மூடுன, தோல உரிச்சுப்புடுவேன்."

பவுனு ஒரு நிமிஷம் நம்பமுடியாமல் பார்த்தாள். பிறகு திறந்தாள்.

"மொதல்ல கரண்டிய மூஞ்சிக்கு நேரா புடிக்காதீக டீச்சர், தள்ளிப் புடிங்க! தீய எறக்குங்க, ஒரு வெறக இழுங்க. அது இல்ல, அந்தக் கட்டைய! எண்ணெய் காயட்டும். அவசரப்படாதீக. இப்ப ரெண்டே ரெண்டு கடுகு போட்டுப் பாருங்க. வெடிக்குதா? அதான் காஞ்சது, பொக வர்றது இல்ல. இப்ப மிச்சத்தப் போடுங்க. அய்யய்யோ, ஒரு கையா அள்ளுவாக? பாதிய வையிங்க! உளுந்து... பாத்துக்கிட்டே இருங்க, என் மூஞ்சிய எதுக்குப் பாக்குறீக, கரண்டியப் பாருங்க! செவந்திருச்சி, வத்தல், கருவேப்பில, ம்ம், எறக்குங்க! எறக்குங்க டீச்சர்! கொழம்புல ஊத்துங்க! ஊத்திட்டு மூடுங்க! அம்புட்டுத்தான், இதுக்குப் போயி இந்த நடுங்கு நடுங்குறீக!"

"அடியே! டீச்சரையாடி வையுற?" என்று இக்கரையிலிருந்து ராக்கம்மாள் கத்தினாள்.

குழம்பில் விழுந்த தாளிப்பு 'சொய்ங்' என்றது. டீச்சரின் முகமெல்லாம் வேர்வை, மூக்கு நுனியில் கரி. ஆனால் அந்தச் சத்தம் கேட்டதும் அவருக்கு உண்டான சந்தோஷம் சொல்லி முடியாது. அவர் இன்ஸ்பெக்டரம்மாவிடம் திரும்பி, முருகம்மாளுக்கு இன்னொரு தடவை கொடுக்கவேண்டும் என்று கேட்டார். "தப்பு அவ மேல இல்லம்மா. வாயப் பூட்டுனது நான்தான். எனக்குத் தாளிக்கத் தெரியாது. சோறு பொங்கக்கூடத் தெரியாது. வீட்டுல தம்பிதான் சமைக்கிறான்."

இக்கரையில் ஒரு பெரிய "ஆத்தாடீ" எழுந்தது.

முருகம்மாளுக்கு இரண்டாவது தடவை கிடைத்தது. அவள் மெதுவாகத்தான் ஆரம்பித்தாள். டீச்சர் குனிந்து காதைக் கொடுத்துக் கேட்கவேண்டியிருந்தது. ஆனால் உளுந்து சிவந்து, டீச்சர் கறிவேப்பிலையைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், "எறக்குங்க டீச்சர், கரியுது!" என்று ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள். பக்கத்துப் புன்னை மரத்திலிருந்த கொக்குகள் எழுந்து பறந்தன. அவளைப் பெற்றவள் இக்கரையில் நின்று, "எம்புள்ளையா? எம்புள்ளையா அது?" என்று எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தாளித்த குழம்பை ஊருக்குள் கொண்டுபோக முடியாது. இன்ஸ்பெக்டரம்மா அக்கரை மர நிழலில் உட்கார்ந்து இரண்டு சட்டியிலிருந்தும் இலையில் ஊற்றிச் சாப்பிட்டார். இரண்டாம் தடவை வாங்கியும் சாப்பிட்டார்; அதற்கு விதியில் இடமில்லை. கையைக் கழுவிவிட்டுப் பென்சிலை எடுத்தார்.

"பிள்ளைகள் இரண்டு பேரும் பாஸ்" என்றார். டீச்சரை மேலும் கீழும் பார்த்தார். "சமைத்தவர் பெயில்."

ஞானபாக்கியம் டீச்சர் வாழ்நாளில் எழுதிய எல்லாப் பரீட்சையிலும் பாஸானவர். பெயிலான அந்த ஒரே பரீட்சையைத்தான் கடைசிவரைக்கும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த வருஷம் சர்க்கார் சமையல் பாடத்தை எடுத்துவிட்டுத் தையல் வைத்தது. துணி வந்தது. ஊசி பிறகு வரும் என்றார்கள்.

திருவிழா முடிந்தது. பவுனு தீச்சட்டி எடுத்தாள். வீடுகளில் மறுபடியும் கடுகு வெடித்தது. ராக்கம்மாள் முதன்முதலாகத் தாளித்த குழம்பைத் தூக்குவாளியில் கொண்டுவந்து டீச்சர் மேசைமேல் வைத்தாள். வாக்கு மாறுவாளோ என்று டீச்சருக்கு உள்ளூர உதறல். ராக்கம்மாள் நீளமாக ஒரு மூச்சு விட்டாள்.

"ஊரு பாக்க ஒங்களையே அந்தப் போடு போட்டாளே டீச்சரம்மா, இவளக் கட்டிக்கிட்டு எந் தம்பி என்ன பாடுபடுவான்? அவன் வாயில்லாப் பூச்சி. மதுரைக்கே போகட்டும். அங்கன யாராச்சும் சம்பளம் குடுத்து இவ பேச்சக் கேப்பாக."

ஆனி மாதம் தேனி ஸ்டேஷனில் பவுனுவை வழியனுப்ப டீச்சர் வந்திருந்தார். பலவேசம் புளியோதரை கட்டிக் கொடுத்திருந்தார்; இப்போது அதை ஒளித்துச் செய்யவேண்டிய அவசியமில்லை. ராக்கம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். ரயில் வந்து நின்றது. பெட்டியை ஏற்றியாகிவிட்டது. பவுனு சன்னல் ஓரத்தில் உட்கார்ந்து டீச்சரையே பார்த்தாள். வீட்டிலிருந்து கிளம்பியதிலிருந்து அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. கண் மட்டும் நிறைந்து நிறைந்து வழிந்தது.

அழுதால் மரியாதை போய்விடும் என்று டீச்சர் குரலைத் தூக்கிக்கொண்டார்.

"என்ன புள்ள, ஊமையாட்டம் இருக்க? எதாச்சும் பேசு."

பவுனு தலையை ஆட்டினாள், பேச்சு வரவில்லை. வண்டி நகர ஆரம்பித்தது. டீச்சர் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார்.

"வாயத் தொற பவுனு. அந்த வாய நம்பித்தான் ஒன்ன அனுப்புறேன்."

ரயில் கொஞ்சம் வேகம் எடுத்தது. டீச்சர் கையை விட்டார். சன்னலுக்கு வெளியே பவுனுவின் தலை நீண்டது.

"டீச்சர்! மூக்குல கரி!"

டீச்சர் அவசரமாக மூக்கைத் துடைத்தார். கையைப் பார்த்தார். கரி எதுவும் இல்லை. ரயிலிலிருந்து சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே போனது. டீச்சர் அங்கேயே நின்று, மரியாதையைப் பற்றிக் கவலைப்படாமல் அழுதார்.